சவுக்காரம் காய்ச்சுகிறவனுக்குக் கணக்கு எதற்கு?

நான்கு வாரமாக உங்களிடம் ஒரு விஷயத்தை மறைத்து வந்தேன். பாசாரில் மீன் விலை, விடாத மழை, ரயிலில் இடம் பிடிக்கிற கஷ்டம் என்று என்னென்னவோ எழுதிப் பக்கத்தை நிரப்பினேன். காரணம்... பயம். வேலை போய்விடுமோ என்கிற பயம்.

போன சனிக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு அந்தப் பயம் தீர்ந்தது. இனிச் சொல்லலாம்.

கிள்ளானில் ஒரு சவுக்காரப் பட்டறையில் நான் கொப்பரை மண்டோர் என்பது இந்தப் பத்தியை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு — எண்ணெயும் காஸ்டிக் தண்ணீரும் கொப்பரையில் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு, ஆறு ஆட்களைக் கட்டி மேய்க்கிற உத்தியோகம். பதினொரு வருஷமாகச் செய்கிறேன். காய்ச்சியது ஆறி இறுகியதும் கம்பிச் சட்டத்தில் அறுத்துக் கட்டி போடுவதும் என் பொறுப்புதான். துணி துவைக்கிற மஞ்சள் கட்டி. கிள்ளானில் எந்தக் கம்பத்துக்கு, எந்தக் கிராமத்துக்குப் போனாலும், துவைக்கிற கல்லின்மேல் எங்கள் கட்டிதான் உட்கார்ந்திருக்கும்.

ஒரு நாள் காலையில் நாங்கள் மூன்று பேர் ஒன்றாக முதலாளியின் அறை வாசலில் போய் நின்றோம். அதுதான் தப்பு. தனித்தனியாகப் போயிருக்க வேண்டும்.

எனக்குக் கொப்பரை கிண்டப் புதுத் துடுப்பு இரண்டு வேண்டும். பாய்லர் பார்க்கிற அந்தோணிக்கு ஒரு குழாய் மாற்ற வேண்டும். கட்டுக் கொட்டகையில் ஒன்பது பெண்களை வைத்து வாசனைச் சவுக்காரத்துக்குக் காகிதம் சுற்றுகிற பாக்கியத்துக்கு ஒரு நீள மேசை வேண்டும்.

முதலாளிக்கு வந்ததே கோபம்! "ஆளாளுக்கு இது வேணும் அது வேணும்னு வந்து நிக்கிறீங்களே... காசு எப்படி வருது, எப்படிப் போவுதுன்னு உங்கள்ல ஒருத்தருக்காச்சும் தெரியுமா?"

அந்தோணி கூரையைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

பாக்கியம் மட்டும் நேராகப் பார்த்துச் சொன்னாள்: "தெரியாது முதலாளி. சொல்லிக் குடுத்தா தெரிஞ்சிக்குவோம்."

முதலாளிக்கு என்ன தோன்றியதோ — "சரி லா! இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை கணக்கு வகுப்பு. ரெண்டு மணிக்கு. மூணு பேரும் வரணும்" என்றார்.

துடுப்பு கேட்கப் போனவனுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது.

எங்கள் வாத்தியார் யார்? பட்டறையின் கணக்கர் கனகசபை ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வே ஆபீசில் பெரிய கிராணியாகக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸில் வீடு. வாரத்தில் மூன்று நாள் ரயிலேறி எங்களிடம் வருவார். வெயிலோ மழையோ, குடை விரிந்தே இருக்கும். பட்டறையில் அவருக்குச் சிரிப்பு வந்து யாரும் பார்த்ததில்லை.

முதல் சனிக்கிழமை. கட்டுக் கொட்டகையில் சவுக்காரப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். ஐயா பட்டறையின் சொத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தார். கொப்பரை, தராசு, லோரி... பிறகு பாய்லர்.

"இந்த பாய்லர் வாங்கேக்கை மூவாயிரம் வெள்ளி. வருசத்துக்கு முந்நூறு கழிச்சுக்கொண்டு வாறன். இப்ப புத்தகத்திலை முந்நூறுதான் நிக்குது. வாற வருசம் ஒண்டுமில்லை."

அந்தோணி எழுந்தார். சிலுவை போட்டுக்கொள்ளாமல் அந்த பாய்லருக்கு ஒரு நாளும் நெருப்பு வைக்காத மனிதர். அவருடைய அப்பாவும் ரயில் பட்டறையில் பிட்டர்.

"ஒண்ணுமில்லையா? தினம் தொடைச்சு எண்ணெய் போட்டுப் புள்ள மாதிரி வச்சிருக்கேன். வந்து தொட்டுப் பாருங்க ஐயா, எப்படி நிக்குதுன்னு!"

"அது தேய்மானம், அந்தோணி. மெய்யிலை தேயுதோ இல்லையோ, புத்தகத்திலை தேயும்."

"அப்ப புத்தகம் பொய் சொல்லுதா?"

"பொய் இல்லை. ஒரு நாளைக்குப் புதுசு வாங்க வேணுமெண்டு இண்டைக்கே யோசிக்கிறது. விளங்குதோ?"

அந்தோணியின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ வருஷா வருஷம் கழிச்ச காசெல்லாம் சேர்ந்து இருக்கும். அதுல புதுசு வாங்கிடலாம்! அந்தக் காசு எங்க ஐயா இருக்கு?"

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார்.

"கழிச்சதுதான், அந்தோணி... சேத்து வைக்கேல்லை."

அந்தோணி உட்கார்ந்துவிட்டார்.  திங்கட்கிழமை காலையில் பார்க்கிறேன் — பாய்லரின் வயிற்றில் சுண்ணாம்புக்கட்டியால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'எனக்கு விலை உண்டு.'

இரண்டாவது சனிக்கிழமை லாபம்.

போன மாதம் பட்டறைக்குப் பத்து வெள்ளி லாபம் என்றார் ஐயா. இந்த மந்தமான காலத்தில் அதுவே பெரிசு என்றார். ஆனால் அதே மாதம் காஸ்டிக் வாங்கப் பெட்டியில் பணம் இல்லாமல் இரண்டு நாள் கொப்பரையைச் சும்மா போட்டது எனக்கு ஞாபகம் இருந்தது. விடுவேனா?

"லாபம் இருக்குங்கிறீங்க, காசு இல்லைங்கிறீங்க. அப்ப அந்த லாபம் எங்கதான் ஐயா இருக்கு?"

"செமினியிலை இருக்கு."

எனக்குப் புரியவில்லை. ஐயா விளக்கினார். செமினியில் ஒரு மளிகைக் கடைக்காரருக்கு நாற்பது பெட்டி சவுக்காரம் போயிருக்கிறது. விற்றாயிற்று, புத்தகத்தில் லாபமும் எழுதியாயிற்று. அவர் பணம் தருவதுதான் பாக்கி. லாபம் என்பது வேறு, கையில் காசு என்பது வேறு.

வீட்டுக்கு வந்து பெருமையாக என் மனைவியிடம் இதைச் சொன்னேன். எனக்குப் பாதி நாள் பிடித்த விஷயம் அவளுக்கு அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

"பத்திரிகையில எழுதினதுக்குப் பணம் வரும் வரும்னு மூணு மாசமா சொல்றீங்களே... அதுவும் செமினியிலதான் இருக்கா?"

ஆசிரியர் இந்த வரியை வெட்டமாட்டார் என்று நம்புகிறேன்.

மூன்றாவது சனிக்கிழமை சிரிப்பு நின்றுபோயிற்று.

ஐயா ஒரு நீளக் காகிதத்தோடு வந்தார். மஞ்சள் கட்டிக்கு ஒரு பத்தி, வாசனைச் சவுக்காரத்துக்கு ஒரு பத்தி. விற்ற பணம், எண்ணெய்ச் செலவு, கூலி என்று கீழே வரிசையாக இறங்கி வந்தது. எல்லாம் போக மஞ்சள் கட்டியில் நிற்பது நூற்றைம்பது வெள்ளி. வாசனைச் சவுக்காரத்தில் அறுபது. இனிக் கொட்டகை வாடகை, விறகு, பாய்லர், பொதுச் செலவு என்று இருநூறு வெள்ளி இருக்கிறது. அது இரண்டுக்கும் பொது. ஆளுக்கு நூறு.

"ஆகவே மஞ்சள் கட்டியிலை அம்பது லாபம். வாசனைச் சவுக்காரத்திலை நாப்பது நட்டம்." ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்த மாச முடிவோடை வாசனைச் சவுக்காரத்தை நிப்பாட்டுறதெண்டு முதலாளி சொல்லிப்போட்டார்."

எங்கள் மூன்று பேருக்கும் அது என்னவென்று புரிந்தது. வாசனைச் சவுக்காரம் நின்றால் காகிதம் சுற்ற ஆள் வேண்டாம். ஒன்பது பெண்கள், பத்தாவது ஆளாகப் பாக்கியம். ரப்பர்த் தோட்டங்களிலே ஜனங்களைக் கணக்குத் தீர்த்து ஊருக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டிருக்கிற நேரம் இது. பாக்கியத்தின் புருஷனுக்குக் கேரித் தீவில் வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது. அந்த வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அழவில்லை. காகிதத்தைக் கேட்டு வாங்கினாள். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்புப் படித்தவள். விரலை வைத்து எழுத்துக் கூட்டி மேலிருந்து கீழ்வரை படித்தாள். திரும்பவும் மேலே போனாள். 

"ஐயா, இந்த இருநூற எதுக்குப் பாதிப் பாதியாப் பிரிச்சீங்க?"

"ரெண்டு சரக்குத்தானே? அதாலை ரெண்டாப் பிரிச்சது."

"எங்க தோட்டத்துல தீபாவளிக்கு ஆடு வெட்டுவோங்க. நாலு பங்கு கறி தூக்கிட்டுப் போற கங்காணியும், ஒரு பங்கு எடுக்கிற நானும் ஆளுக்குப் பாதி காசு குடுத்தா... அது நியாயமா ஐயா?"

 அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மண்டோர் அண்ணே, கொப்பரையில அஞ்சு காய்ச்சல் போட்டா மஞ்சள் கட்டிக்கு எத்தனை, எங்களுக்கு எத்தனை?"

"நாலு எனக்கு, ஒண்ணு ஒனக்கு" என்றேன். கொஞ்சம் கர்வமாகவே சொன்னேன். பட்டறையில் பெரிய சரக்கு என்னுடையதல்லவா? "விறகும் அப்படித்தான் எரியுது. ஏன் அந்தோணி?"

"ஆமா, அப்படித்தான்" என்றார் அந்தோணி.

ஐயா பென்சிலை எடுத்தார். இருநூறை ஐந்தாக்கினார். மஞ்சள் கட்டிக்கு நூற்று அறுபது. வாசனைச் சவுக்காரத்துக்கு நாற்பது. கழித்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு தலையை உயர்த்தினார்.

"வாசனைச் சவுக்காரத்திலை இருவது வெள்ளி லாபம்."

பாக்கியம் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். இப்போதுதான் அழுதாள். அந்தோணி கை தட்டினார். நானும் தட்டினேன், பலமாகவே. என் பக்கத்துக் கணக்கை ஐயா வாசிக்கிற வரைக்கும்.

"மஞ்சள் கட்டியிலை... பத்து வெள்ளி நட்டம்."

தட்டின கை அப்படியே நின்றது.

மொத்தம் அதே பத்து வெள்ளி லாபம்தான். பட்டறைக்குள்ளே ஒரு காசுகூட நகரவில்லை. ஆனால் இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் வீட்டுக்குப் போகவேண்டியவள் பாக்கியம். இப்போது நான்! அதற்குச் சாட்சி சொன்னவனும் நான்!

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. எண்ணெய் விலையா? விறகா? எங்கே போகிறது அந்தப் பணம்? புதன்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், கட்டுக் கொட்டகைத் தராசில் ஒரு மஞ்சள் கட்டியைத் தூக்கி வைத்தேன்.

கட்டி ஒரு ராத்தல் இருக்க வேண்டும். ஒரு ராத்தலும் ஒரு அவுன்ஸும் காட்டியது. இன்னொன்றை வைத்தேன். அதுவும் அப்படியே. இன்னொன்று...

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். கட்டி கொஞ்சம் கனம் என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்து சந்தோஷப்பட்டவன் நான். காப்பிக் கடையில் உட்கார்ந்து, "நம்ம கட்டியத் தூக்கிப் பாரு, கை இறங்கும்" என்று எத்தனை தடவை பெருமை அடித்திருப்பேன்! ஆனால் அதைக் கணக்காகப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். ராத்தலுக்குப் பதினாறு அவுன்ஸ்; ஆக, பதினாறு கட்டிக்கு ஒரு கட்டி இனாம். நாள் முழுக்க, மாதம் முழுக்க, சிலாங்கூர் ஜனங்களுக்கு நான் தர்மம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன் — முதலாளியின் எண்ணெயில்.

"என்ன அண்ணே, எடை போடுறீங்க?"

வாசலில் பாக்கியம்.

"சும்மா..."

"சும்மாவா ஏழு கட்டி?"

சொல்லிவிட்டேன். அவள் தராசு முள்ளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்களே போய்ச் சொல்லிடுங்கண்ணே. மத்தவங்க கண்டுபிடிச்சுச் சொன்னா அது வேற மாதிரி ஆயிடும்."

"வேலை போயிட்டா?"

"போனா போவட்டும்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு அது என்னன்னு தெரியும். ஆனாலும் சொல்லிடுங்க."

போன சனிக்கிழமை முதலாளியே வகுப்புக்கு வந்துவிட்டார். கணக்கு தலைகீழானது அவர் காதுக்கு எட்டியிருந்தது. அவருக்கு மட்டும் நாற்காலி. நான் எழுந்தேன்.  இரண்டு கட்டியைத் தராசில் வைத்துக் காட்டினேன். சொல்லவேண்டியதைச் சொன்னேன்.

முதலாளி கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "பதினாறுக்கு ஒண்ணா? பதினோரு வருஷமாவா?" அவர் குரல் ஏறியது. "ஐயா, எத்தனை கட்டின்னு கணக்குப் போடுங்க. இவன் சம்பளத்துல பிடிக்கணும்."

"அதை நான் போடமாட்டன்" என்றார் கனகசபை ஐயா.

எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. ஐயா பைக்குள்ளிருந்து மடித்த துண்டுக் காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"கம்பிச் சட்டம் தேஞ்சு அகண்டதாலைதான் கட்டி கனக்குது. அதை மாத்த வேணுமெண்டு மண்டோர் ரெண்டு வருசத்துக்கு முன்னம் கேட்டவர். ஆறு வெள்ளி. வேண்டாமெண்டு நீங்கள்தான் இதிலை எழுதினீங்கள். இன்னுமொண்டு. தன்ரை பிழையைத் தானே வந்து சொன்ன மனுசனைத் தண்டிச்சால், இனி இஞ்ச ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

கம்பி அடிக்கடி அறுந்து போகிறது என்று சட்டம் மாற்றக் கேட்டது எனக்கே மறந்து போயிருந்தது. அந்தத் துண்டுக் காகிதத்தை இரண்டு வருஷம் வைத்திருந்திருக்கிறார்! கிராணி வேலை பார்த்தவர்கள் காகிதத்தை வீசமாட்டார்கள் என்று கேலி செய்திருக்கிறேன். இனிச் செய்யமாட்டேன்.

முதலாளி துண்டைப் படித்தார். தன் கையெழுத்தையே சிறிது நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு, "சரி, சட்டத்த மாத்துங்க. வாசனைச் சவுக்காரமும் ஓடட்டும்" என்றார். நல்ல மனிதர்தான். கோபம் வருகிற வேகத்திலேயே போய்விடும்.

எனக்கு மூச்சு வந்தது. அந்தோணி என் முதுகில் தட்டினார். முதலாளிக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "பாத்தீங்களா? கணக்கு தெரிஞ்சா எல்லாருக்கும் எவ்வளவு நல்லது! இன்னும் யாருக்காச்சும் சந்தேகம் இருந்தா கேளுங்க, கேளுங்க" என்றார்.

கேட்டிருக்கக் கூடாத ஆளின் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டுவிட்டார்.

"எனக்கு ஒரு சந்தேகம் முதலாளி" என்றாள் பாக்கியம். நீளக் காகிதம் அவள் மடியிலேயே இருந்தது. "வாடகை தெரியுது, விறகு தெரியுது. கீழ பொதுச் செலவு நாப்பது வெள்ளின்னு இருக்கே, அதுல என்னென்ன இருக்கு?"

முதலாளி ஐயாவைப் பார்த்தார். ஐயா நேர்மையான கணக்கர். கேட்டால் சொல்லிவிடுவார். சொன்னார்.

"காகிதம், மை, தபால் எல்லாம் சேத்து நாலு வெள்ளி. மிச்சம்... முதலாளியின்ரை மோட்டார் கார். பெட்ரோல், டயர், டிரைவர் சம்பளம்."

பாக்கியம் தலையாட்டினாள். ஒரு குறும்பும் இல்லாமல், பாடம் புரியாத பிள்ளை கேட்பதுபோலக் கேட்டாள்:

"அந்தக் காரு மஞ்சள் கட்டி காய்ச்சுதா, வாசனைச் சவுக்காரம் காய்ச்சுதா முதலாளி? தெரிஞ்சாத்தானே ஐயா சரியாப் பிரிக்க முடியும்?"

அந்தோணிக்கு அப்போது இருமல் வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, எழுந்து வெளியே போய்விட்டார். நான் கூரையைப் பார்த்தேன். கனகசபை ஐயா பென்சிலைச் சீவத் தொடங்கினார் — அது ஏற்கெனவே ஊசியாகத்தான் இருந்தது. ஆனால் அவருடைய மீசைக்குக் கீழே ஏதோ ஒன்று அசைந்தது. சிரிப்பு என்று நான் சத்தியம் செய்யத் தயார்.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி மூணரை ஆச்சு. இன்னிக்குப் போதும்" என்று எழுந்து போனார்.

திங்கட்கிழமை புதுக் கம்பிச் சட்டம் வந்துவிட்டது. கட்டி இப்போது சரியாக ஒரு ராத்தல். பாக்கியத்தின் ஒன்பது பெண்களும் காகிதம் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவள் கேட்ட நீள மேசைக்கு ஆசாரி வந்து அளவு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மறுபடி கேட்காமலே ஒப்புதல் ஆயிற்றாம்! கட்டுக் கொட்டகைச் சுவரில் ஓர் அறிவிப்பும் ஒட்டியிருந்தது: ஊழியர்கள் அனைவரும் போதிய அளவு கற்றுத் தேர்ந்துவிட்டபடியால், சனிக்கிழமை வகுப்பு இத்துடன் நிறுத்தப்படுகிறது.

கணக்கு எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று நினைக்கிற முதலாளி நல்லவர்தான்... எந்த வரி வரைக்கும் என்று முதல் நாளே சொல்லிவிட்டால், இன்னும் நல்லவர்!